மூக்கே கருவி: விமான அறைக் காற்றும் இந்தியச் சட்டமும்

2022 அக்டோபர் 12ஆம் நாள் இரவு, கோவாவிலிருந்து ஐதராபாத்துக்கு வந்துகொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் கியூ400 விமானத்தில் பயணிகள் அறைக்குள் புகை பரவியது. 86 பயணிகளுடன் அவ்விமானம் சம்சாபாத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. வெளியேறும்போது ஒரு பெண்மணிக்குக் காலில் சிராய்ப்பு ஏற்பட்டது. மற்றவர்கள் காயமின்றித் தப்பினர். செய்தித்தாள்களுக்கு இது இரண்டு நாள் செய்தி.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) மேற்கொண்ட முதற்கட்ட ஆய்வில், எந்திரத்தின் காற்று வெளியேற்றும் வால்வில் எந்திர எண்ணெய் படிந்திருந்ததும், அது குளிர்சாதன அமைப்புக்குள் புகுந்து புகையானதும் தெரியவந்தன. அடுத்த சில நாள்களில் உத்தரவு வந்தது. அந்நிறுவனம் இயக்கிவந்த 14 கியூ400 விமானங்களின் 28 எந்திரங்களிலிருந்தும் எண்ணெய் மாதிரி எடுத்து, எந்திரத்தைத் தயாரித்த பிராட் அண்ட் விட்னி கனடாவுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை 30 நாளுக்கு ஒரு முறை என்றிருந்தது இனி 15 நாளுக்கு ஒரு முறை. எண்ணெயில் உலோகத் துகளோ கார்பன் சீலின் துகளோ கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உத்தரவு விரைவானது, பொறியியல் நோக்கில் சரியானது. ஆனால் அதைப் படிக்கும் வரலாற்று மாணவருக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். எண்ணெயில் என்ன கலந்தது என்று கேட்கப்பட்டது. காற்றில் என்ன கலந்தது, எத்தனை நிமிடம், எவ்வளவு என்ற கேள்விக்கு விடை தரக்கூடிய கருவி அந்த விமானத்தில் இல்லை. உலகில் பறக்கும் பெரும்பாலான பயணிகள் விமானங்களிலும் இல்லை. இக்கட்டுரை அந்த இல்லாமையின் வரலாற்றைப் பற்றியது. இந்தியச் சட்டம் விமானத்தின் உட்காற்றைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில்லை. கொசுவுக்காகவும் சிகரெட்டுக்காகவும் கிருமிக்காகவும் அதைப் பலமுறை ஒழுங்குபடுத்தியிருக்கிறது. அக்காற்றை நாள்தோறும் சுவாசித்துப் பிழைக்கும் பணியாளரின் பொருட்டு ஒழுங்குபடுத்தியதே அரிது.

முதலில் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். 35,000 அடி உயரத்தில் வெளிக்காற்று மனிதர் சுவாசிக்க முடியாத அளவு மெலிந்தது, கடுங்குளிரானது. அதை அழுத்தித்தான் உள்ளே விட வேண்டும். ஜெட் எந்திரம் எரிபொருளை எரிப்பதற்காக ஏற்கெனவே காற்றை அழுத்திக்கொண்டிருக்கிறது. எரியறைக்குப் போகும் முன் அதில் ஒரு பங்கை உருவி, குளிரவைத்து, பயணிகள் அறைக்கு அனுப்பிவிடலாம். இதற்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் ப்ளீட் ஏர். குருதி வடிப்பது என்னும் பொருள் கொண்ட வினையிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு நிலைபெற்ற சொல் இல்லை. 'வடிகாற்று' என்று நான் எழுதிக்கொள்கிறேன், நண்பர்கள் திருத்தலாம். இந்தப் பெயரைப் பொதுமக்கள் பலர் முதன்முதலாகக் கேட்டது 2018 செப்டம்பர் 20 அன்று. மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் அதற்கான சுவிட்சை இயக்க விமானிகள் தவறிவிட்டனர். உள்ளழுத்தம் ஏறாமல், 166 பயணிகளில் 30 பேருக்கு மேல் மூக்கிலும் காதிலும் இரத்தம் வந்தது. பெயரும் நிகழ்வும் அப்படிப் பொருந்திப்போனது தற்செயலே.

வடிகாற்றுதான் ஒரே வழி என்று எண்ணிவிடக் கூடாது. ஏர் இந்தியா 1960இல் வாங்கிய முதல் ஜெட் விமானமான போயிங் 707இல் அறைக்கான வெளிக்காற்றை அழுத்துவதற்குத் தனிக் கம்ப்ரசர்கள் இருந்தன. அவை எடை கூட்டின, பராமரிப்பும் கேட்டன. எந்திரத்திலிருந்தே நேராக எடுப்பது எளிது, மலிவு என்பதால் பின்வந்த விமானங்கள் ஏறக்குறைய அனைத்தும் அம்முறைக்கு மாறின. 2012 செப்டம்பரில் அதே ஏர் இந்தியாவுக்கு வந்த போயிங் 787 மறுபடியும் வெளிக்காற்றை நேராக எடுத்து மின் கம்ப்ரசர்களால் அழுத்துகிறது. அந்த மாற்றத்தின் முதன்மை நோக்கம் எரிபொருள் சிக்கனமே. ஆயினும் இடைப்பட்ட அரை நூற்றாண்டு இயற்கையின் நியதியன்று, ஒரு கணக்குப் பார்ப்பின் விளைவு என்பதற்கு இவ்விரு விமானங்களும் சான்று.

வடிகாற்று முறையில் எந்திரத்தின் சுழல் தண்டுகளுக்கான எண்ணெயையும் அறைக்குப் போகும் காற்றையும் பிரிப்பவை சீல்கள். அவை தேயும். தேய்ந்தால் கொதிக்கும் எண்ணெயின் ஆவி காற்றோடு சேரும். அந்த எண்ணெயில், உராய்வைக் குறைப்பதற்காக, சுமார் 3 விழுக்காடு வரை டிரைகிரீசைல் பாஸ்பேட் (டிசிபி) என்னும் சேர்மம் இருக்கும். இச்சேர்மத்தின் கதைக்குப் பிறகு வருகிறேன்; அதில் தமிழர்களுக்கு நேரடித் தொடர்பு உண்டு.

இந்தியாவில் விமானக் காற்றைப் பற்றிய முதல் அரசுக் கவலை கொசுவைப் பற்றியது. ஐதராபாத்தில் இருப்பவர்களுக்கு இதன் முன்கதை நன்கு தெரியும். 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டது செகந்திராபாத்தில். அக்கட்டடம் பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்கு அருகிலேயே இன்றும் நிற்கிறது. 1929இல் லண்டன் - கராச்சி விமானப் போக்குவரத்து தொடங்கியபோது ராஸின் கண்டுபிடிப்பு வேறொரு பொருள் பெற்றது. கப்பலில் வந்தால் வழியிலேயே வெளிப்பட்டுவிடும் நோய், விமானத்தில் வந்தால் வெளிப்படும் முன்பே இறங்கிவிடும். ஆப்பிரிக்காவின் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இல்லை. அதைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசுவோ ஏராளம். நோயுற்ற ஒரு கொசு பறந்து வந்தால் போதும் என்பதே அன்றைய அதிகாரிகளின் அச்சம். 1933 ஏப்ரலில் ஹேக் நகரில் வான்வழிப் போக்குவரத்துக்கான சர்வதேசச் சுகாதார உடன்படிக்கை கையெழுத்தானது. 1934ஆம் ஆண்டின் இந்திய வானூர்திச் சட்டத்தின் 8ஏ பிரிவு பொதுச் சுகாதாரத்தைக் காக்க விதி செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதன் கீழ் வந்தவை 1954ஆம் ஆண்டின் இந்திய வானூர்தி (பொதுச் சுகாதார) விதிகள்.

அப்பிரிவின் சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். தொற்றுநோய் வானூர்தி வழியே நாட்டுக்குள் நுழைவதால் அல்லது பரவுவதால் வரும் ஆபத்திலிருந்து பொதுச் சுகாதாரத்தைக் காப்பதே அங்கு நோக்கம். ஆக 'பொது' என்பது தரையில் இருப்பவர்கள். வானூர்திக்குள் இருப்பவர்கள் அந்த 'பொது'வில் சேரவில்லை. அவர்கள் ஆபத்தைச் சுமந்து வருபவர்கள். இதன் நடைமுறை விளைவுதான் பூச்சிமருந்துத் தெளிப்பு. மூடிய அறையில், ஆட்கள் அமர்ந்திருக்கும்போதே, பணிப்பெண் இருக்கை வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி டப்பாவை அழுத்திக்கொண்டு போவார். பல நாடுகள் பல பத்தாண்டுகள் இதைச் செய்தன. வெளியே உள்ள மக்களைக் காக்க உள்ளே உள்ள காற்றில் மருந்து கலப்பது சட்டப்படியான கடமையாக இருந்தது. ஒரு பயணி ஆண்டுக்கு ஓரிரு முறை இதைச் சுவாசித்திருப்பார். டப்பாவை ஏந்தியவர் எத்தனை முறை சுவாசித்தார் என்ற கணக்கை யாரும் வைக்கவில்லை. இந்தியாவில் இது நீதிமன்ற வாசலுக்கு வந்தது 2015இல். மருத்துவர் ஒருவர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுக, பயணிகள் உள்ளே இருக்கும்போது தெளிக்கக் கூடாது என்று தீர்ப்பாயம் கூறியது. பணியாளர் பற்றிய கேள்வி அங்கும் மையத்துக்கு வரவில்லை.

சிகரெட்டின் கதை இதற்கு நேரெதிரானது. சட்டம் முதலில் சிகரெட்டைத் தீ ஆபத்தாகவே பார்த்தது. 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளில் புகைபிடித்தல் இடம்பெற்றது அந்த நோக்கில்தான். அதை உடல்நலப் பிரச்சினையாக மாற்றியவர்களில் பணிப்பெண்களின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1991இல் புகைபிடிக்காத விமானப் பணியாளர்கள் சிகரெட் நிறுவனங்கள்மீது கூட்டு வழக்குத் தொடுத்தனர். பிறர் விட்ட புகையால் தமக்கு நோய் வந்தது என்பது அவர்கள் வாதம். 1997இல் உடன்பாடு ஏற்பட்டு, 30 கோடி டாலர் ஆய்வு அறக்கட்டளை ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது. இதற்கிடையில் 1992இலேயே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு (ஐகாவோ), 1996 ஜூலை 1க்குள் சர்வதேசப் பயணங்களில் புகைபிடித்தலை நிறுத்தும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இங்கே பணியாளர் வென்றதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது: புகை கண்ணுக்குத் தெரிந்தது, அதை விட்டவரும் தெரிந்தார், விற்றவரும் தெரிந்தார்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றிலும் பணியாளர் வென்றதுண்டு. 1976 ஏப்ரலில் பான் ஆம் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு இடைநில்லா விமானம் இயக்கத் தொடங்கியது. அதற்கென வாங்கிய போயிங் 747எஸ்பி, வழக்கத்தைவிட உயரத்தில், வடதுருவத்தை ஒட்டிய பாதையில் நீண்ட நேரம் பறந்தது. அதில் வேலை செய்த பணிப்பெண்கள் இருமல், நெஞ்சுவலி, தொண்டை எரிச்சல் என்று முறையிடலாயினர். களைப்பு, வறட்சி என்ற வழக்கமான விடைகள் கிடைத்தன. பிறகு யாரோ அளந்து பார்த்தார்கள். அறைக்குள் ஓசோன் இருந்தது. 1980இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அளவை விதித்தது: 32,000 அடிக்கு மேல் எந்தக் கணத்திலும் பத்து இலட்சத்தில் 0.25 பங்குக்கு மிகக் கூடாது. 27,000 அடிக்கு மேல் மூன்று மணிநேரச் சராசரி 0.1 பங்குக்கு மிகக் கூடாது. விமானங்களில் ஓசோனைச் சிதைக்கும் வினையூக்கிகள் பொருத்தப்பட்டன. முறையீட்டிலிருந்து விதி வரை நான்கே ஆண்டுகள். நான் படித்த அளவில் இத்துறையின் வரலாற்றில் இவ்வளவு சுருக்கமான கதை வேறில்லை. ஓசோன் நிலையாக இருந்தது; அளவி கையில் இருந்தது; அதை உண்டாக்கியவர் என்று எவரும் இல்லை, வானம்தான் குற்றவாளி. பழி விழாத இடத்தில் அளவு விரைவில் வந்துவிடுகிறது.

இனி டிசிபி. இந்தச் சேர்மத்தின் ஆர்த்தோ வகை நரம்புகளைத் தாக்கும் என்பது விமானத்தால் தெரியவந்ததன்று. 1930இல், மதுவிலக்குக் கால அமெரிக்காவில், இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற மதுவில் அது கலந்து, ஆயிரக்கணக்கானோர் கால் செயலிழந்தனர். 1959இல் மொராக்கோவின் மெக்னஸ் பகுதியில் சமையல் எண்ணெயில் கலப்படம் நடந்தது. சுமார் 10,000 பேர் முடங்கினர். கலந்திருந்தது அமெரிக்க விமானத் தளத்திலிருந்து கழித்துவிடப்பட்ட ஜெட் எந்திர எண்ணெய். 1988இல் கொல்கத்தாவின் பேஹாலாவில் சமையல் எண்ணெயில் இதே டிசிபி கலந்து சில நூறு பேரை முடக்கியது.

நமக்கு மிக அருகில் நடந்ததை மட்டும் நாம் பேசுவதே இல்லை. 1977-78இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தது. அனைவரும் தமிழர், அனைவரும் பூப்பெய்திச் சில காலமே ஆனவர்கள். அவர்களை ஆராய்ந்த செனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981இல் லான்செட் இதழில் காரணத்தை வெளியிட்டனர். பூப்படைந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பது நம் வழக்கம். இடுப்புக்கு வலு என்பார்கள். அந்த நல்லெண்ணெயில் டிசிபி இருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் ஏற்றி வந்தபோது கலந்திருக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். மொழியியல் படித்த எனக்கு இங்கே ஒன்று உறுத்துகிறது. எள்ளின் நெய்யே எண்ணெய். அப்பெயர் விரிந்து விரிந்து கடுகுக்கும் தேங்காய்க்கும் ஆகி, கடைசியில் எந்திரத்துக்கும் ஆனது. சொல்லில் நடந்த கலப்பு பீப்பாயில் நடந்தபோது அதன் விலையைக் கொடுத்தவர்கள் தோட்டத் தொழிலாளரின் பெண்மக்கள்.

இவை அனைத்தும் விழுங்கிய நஞ்சு, அளவும் மிகுதி. விமானத்தில் சுவாசிக்கப்படும் அளவு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது ஆய்வாகாது. இன்றைய விமான எண்ணெய்களில் ஆர்த்தோ வகை மிகவும் குறைக்கப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மெட்டா, பாரா வகைகள். 2011இல் பிரிட்டனின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் 100 பயணங்களில் காற்றை அளந்தது. 95 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாதிரிகளில் டிசிபி கண்டறியப்படவே இல்லை. 2017இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 69 பயணங்களின் அளவீடுகளை வெளியிட்டு, விமான அறைக் காற்று அலுவலகங்களின் காற்றுக்கு நிகரானது அல்லது மேலானது என்றது. இவை நேர்மையான ஆய்வுகள். வடிகாற்றில் பறப்பவர் எல்லாரும் நஞ்சேறி நிற்கிறார்கள் என்று பரவும் பேச்சுக்கு இவற்றில் ஆதாரம் கிடையாது.

ஆனால் இந்த ஆய்வுகள் எதை அளந்தன? எல்லா நாளும் போன்ற நாள்களை. கிரான்ஃபீல்ட் அளந்த 100 பயணங்களில் முறைப்படி பதிவுசெய்ய வேண்டிய புகை நிகழ்வு ஒன்றும் நேரவில்லை. சீல் தேய்ந்து எண்ணெய் கொட்டும் நாள் ஆய்வாளர் பெட்டியோடு ஏறும் நாளாக அமைவதில்லை. ஊரில் வெள்ளமில்லாத நூறு நாள் ஆற்றை அளந்து கரை பாதுகாப்பானது என்று சொல்வதைப் போன்றது இது. சொன்னது பொய்யன்று, கேட்ட கேள்வி வேறு. வெள்ளம் வந்த நாளொன்றின் கதை ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1992 மார்ச்சில் ஈஸ்ட்-வெஸ்ட் நிறுவனத்தின் பிஏஇ 146 விமானம் தரையிறங்கும்போது அறைக்குள் எண்ணெய்ப் புகை சூழ்ந்தது. அதில் பணியிலிருந்த பெண் ஒருவருக்கு நெடுங்கால இருமலும் நுரையீரல் பாதிப்பும் ஏற்பட்டன. அவர் இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கு நாட்டின் உச்சநிலை நீதிமன்றம் வரை போய், 2010இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள்! நடுவில் 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டின் செனட் குழு அவ்வகை விமானங்களின் காற்றைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. கவனிக்க: நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது நரம்புச் சேதத்தையோ டிசிபியையோ அன்று, புகை நுரையீரலைப் புண்ணாக்கியது என்பதை மட்டுமே. அவ்வளவை மெய்ப்பிக்கவே அத்தனை காலம்.

ஒப்புநோக்க, இருக்கும் விதிகள் என்ன கேட்கின்றன? அமெரிக்க விதி 25.831, விமான வடிவமைப்பில் ஆளொருவருக்கு நிமிடத்துக்கு 0.55 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிராம் புதுக்காற்று வேண்டும் என்கிறது. கார்பன் மோனாக்சைடு 20,000 பங்கில் ஒரு பங்குக்கும், கார்பன் டை ஆக்சைடு அரை விழுக்காட்டுக்கும் மிகக் கூடாது என்கிறது. தீங்கான வாயுவோ ஆவியோ இருக்கக் கூடாது என்ற பொதுவாசகமும் உண்டு. ஐரோப்பிய விதியும் இதன் உடன்பிறப்பு. இந்தியாவில் பறக்கும் போயிங், ஏர்பஸ் விமானங்கள் இந்த அளவுகோல்களின்படி சான்று பெற்றவையே. ஆனால் இவை விமானம் பிறக்கும்போது கேட்கப்படும் கேள்விகள். சான்றிதழ் பெற்றபின் முப்பது ஆண்டு பறக்கும் அவ்விமானத்தில், அன்றாடக் காற்றில் எண்ணெய் ஆவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க இவ்விதிகள் எவரையும் பணிக்கவில்லை.

2020 கோடையில் இந்திய நீதிமன்றங்கள் விமானக் காற்றைப் பற்றி முன்பு ஒருபோதும் இல்லாத ஆர்வத்தோடு பேசின. வெளிநாட்டிலிருந்து இந்தியர்களை அழைத்துவந்த ஏர் இந்தியா விமானங்களில் நடு இருக்கை காலியாக விடப்படவில்லை என்று அந்நிறுவன விமானி ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகினார். மே 25 அன்று, ஈகைத் திருநாள் விடுமுறையிலும், உச்ச நீதிமன்றம் இதைக் காணொலியில் விசாரித்தது. ஜூன் 6 வரை நடு இருக்கையில் ஆள் அமரலாம் என்று அனுமதித்தது. வணிக நிறுவனத்தின் நலத்தைவிட மக்களின் உடல்நலம் பற்றிக் கவலைப்படும்படி அரசைக் கடிந்தும் கொண்டது. ஜூன் 1 அன்று டிஜிசிஏ, இயன்றவரை நடு இருக்கையைக் காலியாக விட வேண்டும், இயலாவிட்டால் அங்கு அமர்பவருக்கு மேலங்கி தர வேண்டும் என்றது. ஜூன் 15 அன்று, நிபுணர் குழுவின் கருத்தை ஏற்று உயர் நீதிமன்றமும் நடு இருக்கைக்கு இசைந்தது. மேலிருந்து கீழாக ஓடும் காற்றும் ஹெப்பா வடிகட்டியும் அந்நாள்களில் வீட்டுப் பேச்சாயின.

அந்த வடிகட்டி துகளைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும். எண்ணெயின் ஆவியைப் பிடிக்காது. மேலும் அது வடிகட்டுவது அறைக்குள் சுழன்று திரும்பும் காற்றையே. எந்திரத்திலிருந்து புதிதாக வரும் காற்று அதைத் தொடாமலே உள்ளே வருகிறது. 'விமானக் காற்று தூயது' என்ற வாக்கியம் 2020இல் நீதிமன்றத்தில் எதைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அதைப் பற்றி மெய். அதே வாக்கியம் பிறகு எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக மேடைகளில் எடுத்தாளப்பட்டது. கொசுவின் காலத்தைப் போலவே இங்கும் ஆபத்து வெளியிலிருந்து ஒருவர் உடலில் ஏறி வருவது என்றே கொள்ளப்பட்டது. எந்திரம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நின்றது.

சட்டத்தில் பணியாளருக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் 1995இல் செய்த திருத்தம், வானூர்தியின் தலைவரையும் பிற பணிக்குழுவினரையும் பெயர் சொல்லியே உள்ளடக்கியது. அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்வழி நோய்களைப் பட்டியலிடுகிறது. அதன் ஆ பகுதியில் பாஸ்பரசும் அதன் நச்சுச் சேர்மங்களும் உண்டாக்கும் நோய்கள் உள்ளன. டிசிபி ஒரு பாஸ்பேட். அண்மையில் அச்சட்டத்தின் இடத்தை 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு எடுத்துக்கொண்டது. நோய்ப் பட்டியல் அங்கும் தொடர்கிறது. ஆக ஆள் இருக்கிறார், நோய் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சட்டம் கேட்பது 'அந்த ஆபத்துக்கு ஆட்படும் வேலை' என்ற ஒரே நிபந்தனை. ஆட்பட்டதை எதைக் கொண்டு காட்டுவது? அளவி இல்லை. எண்ணெய் மாதிரி நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே போய்வருகிறது. பணியாளரின் இரத்தத்தையோ சிறுநீரையோ அன்றே எடுத்து வைக்கும் முறை நம்மிடம் இல்லை. கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டு வைக்கப்படவில்லை.

எஞ்சியிருப்பது மூக்கு. 2015இல் ஐகாவோ வெளியிட்ட 344ஆம் எண் சுற்றறிக்கை, நச்சாவி நிகழ்வுகளை அடையாளங்கண்டு அறிவிப்பதற்குப் பணியாளரை எவ்வாறு பயிற்றுவிப்பது என்பதைப் பற்றியது. கருவி இல்லாத நிலையில் மனித மோப்பமே முதல் அறிகுறி என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஆவணம் அது. எண்ணெய்க் கசிவை 'அழுக்குக் காலுறை நாற்றம்' என்று விமானத் துறையினர் ஆங்கிலத்தில் வருணிப்பது வழக்கம். ஈர நாய், பழைய பாலாடைக்கட்டி போன்ற உவமைகளும் உலவுகின்றன. இந்தியப் பணியாளர் ஒருவர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர், தம் வாழ்வில் ஒருமுறையும் உண்டிராத பாலாடைக்கட்டியின் வாசனையைக் கொண்டு எந்திரக் கோளாறை அறிவிக்க வேண்டும். அறிக்கையில் அவர் எழுதும் சொல்லைப் பொறுத்தே, பராமரிப்புப் பொறியாளர் எந்திரத்தைத் திறப்பதும் சமையலறை அடுப்பைத் துடைத்துவிட்டு ஒப்பமிடுவதும்.

குஷாய்குடாவில் குடியிருக்கும் எனக்கு மணச் சொற்களின் இச்சிக்கல் அன்றாடம் காதில் விழுவது. சுற்றிலும் தொழிற்பேட்டைகள். இரவில் காற்று திசை மாறும்போது ஏதோ ஒன்று தெருவுக்குள் வரும். தெலுங்கு பேசும் அண்டைவீட்டார் அதை ஒருநாள் 'வாசன' என்பர், ஒருநாள் 'காட்டு' என்பர், பொறுக்க முடியாத நாளில் 'கம்பு' என்பர். முதலாவது பொதுச்சொல், இரண்டாவது மூக்கைக் குத்தும் காரம், மூன்றாவது நாற்றம். (கம்பங்கூழ் குடித்து வளர்ந்த தமிழருக்கு இந்த மூன்றாவது சொல் பழகச் சிறிது காலம் ஆகும்.) மூன்றும் மூன்று வேறு வேதிப்பொருளாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் புகார் எழுதும்போது மூன்றும் 'துர்நாற்றம்' என்ற ஒரே சொல்லாகிவிடும்.

தமிழில் இந்த வளம் இன்னும் மிகுதி. நெடி வேறு, வீச்சம் வேறு, முடை வேறு, காறல் வேறு, சிக்கு வாடை வேறு. பழைய எண்ணெய் காற்றுப்பட்டுக் கெடுவதற்குச் சிக்கு என்று தனிச்சொல்லே வைத்திருக்கும் மொழி இது. பெட்டியில் பூட்டிவைத்த பலகாரத்தை முகர்ந்தே எந்த எண்ணெய், எத்தனை நாள் என்று சொல்லும் பாட்டிகள் நம் வீடுகளில் இருந்தனர். சங்க காலத்தில் நறுமணத்தைக் குறித்த நாற்றம் இன்று அதற்கு எதிர்ப்பொருளில் நிற்பதைப் பாடநூலில் பொருட்சிதைவுக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கிறோம். விமானப் பணிக்கான பயிற்சி ஏடுகளில் இச்சொற்களில் ஒன்றுக்கும் இடமில்லை. தமிழ் பேசும் பணியாளர் உணர்ந்தது சிக்கு வாடை. படிவத்தில் பதிவாவது 'லேசான வாசனை'.

இந்த ஆண்டு நான் திரட்டத் தொடங்கியிருப்பது அந்தச் சொற்களைத்தான். விமானத்தில் பணிபுரியும், அல்லது பணிபுரிந்து ஓய்வுபெற்ற தமிழ், தெலுங்கு நண்பர்கள், கதவு மூடி எந்திரம் இயங்கத் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் தாங்கள் உணர்ந்த வாடையைத் தம் வீட்டு மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதியனுப்பினால் பெரிதும் உதவும். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், விமான எண் வேண்டாம். சொல்லும், அது வந்த தறுவாயும் போதும். ஏறும்போதா, இறங்கும்போதா, தரையில் நின்றபோதா என்பதை மட்டும் மறவாமல் குறிப்பிடுங்கள். எந்திரத்தின் வேகம் மாறும் வேளைகளில்தான் சீல்கள் பெரும்பாலும் கசிகின்றன.